இன்டெல் கிராபிக்ஸை முடக்கினால் எடிட்டிங் வேகமாகுமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார். தோட்டத்துக் கோயில் திருவிழா, கல்யாண வீடியோக்களை லேப்டாப்பில் பிரீமியர் புரோ வைத்து எடிட் செய்கிறாராம். சிபியுவோடு சேர்ந்த இன்டெல், தனிச் சிப்பான என்விடியா என்று இரண்டு கிராபிக்ஸும் இருந்தும் டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறது. "டிவைஸ் மேனேஜரில் இன்டெல்லை முடக்கினால் எல்லாம் என்விடியாவில் ஓடும் என்கிறான் நண்பன். செய்யலாமா?"

வேண்டாம் தம்பி. பெரும்பாலான லேப்டாப்களில் திரை இணைந்திருப்பதே இன்டெல்லோடுதான். என்விடியா வரைந்த படமும் அதன் வழியாகத்தான் திரைக்கு வரும். என்விடியா 2010இல் கொண்டுவந்த ஆப்டிமஸ் ஏற்பாடு இதுதான். இன்டெல்லை முடக்கினால் திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கக்கூட முடியாமல் போகலாம்.

உங்கள் தொழிலுக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு இருக்கிறது. கேமராவில் பதிவாவது சுருக்கப்பட்ட வீடியோ. ஓட்டும்போது ஒவ்வொரு ஃபிரேமையும் விரித்தாக வேண்டும். அந்த வேலைக்கென்றே இன்டெல்லுக்குள் குயிக் சிங்க் என்று தனிப் பகுதி உண்டு. இப்போது பல கேமராக்கள் 10 பிட் 4:2:2 எச்இவிசி (நிற விவரம் கூடுதலாக உள்ள சுருக்க முறை) முறையில் பதிவு செய்கின்றன. இன்டெல் 11ஆம் தலைமுறை லேப்டாப் கிராபிக்ஸே அதை விரித்துவிடும். என்விடியாவுக்கு அந்த வசதி வந்ததோ 2025இல், ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான். நிறத்திருத்தம், எஃபெக்ட் எல்லாம் என்விடியாவின் பலம். உங்களுக்கு இரண்டும் வேண்டும்.

ஆகவே லேப்டாப் முழுவதற்குமாக செட்டிங்கை மாற்றாமல், மென்பொருள் வாரியாக மாற்றுங்கள். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, கிராபிக்ஸ் என்று போய் பிரீமியருக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்', பிரவுசருக்கு 'பவர் சேவிங்' கொடுங்கள். பிரீமியரை மூடித் திறந்து, ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ரெண்டரர் 'கூடா' (CUDA, அதாவது என்விடியாவைப் பயன்படுத்தும் முறை) என்று இருக்கிறதா, பிரிஃபரன்சஸின் மீடியா பிரிவில் இன்டெல் டிகோடிங் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் இன்டெல்லைத் தொட்டு, ஒரு கிளிப்பை ஓட்டுங்கள். 'வீடியோ டிகோட்' கோடு மேலே எழுந்தால் சரி. அது படுத்தே கிடந்து, சிபியு மட்டும் எகிறினால் டிக் விழவில்லை, இல்லையென்றால் இன்டெல் டிரைவர் பழசு. முதலில் டிரைவரைப் புதுப்பியுங்கள்.

சில கேமிங் லேப்டாப்களில் மக்ஸ் சுவிட்ச் இருக்கும். அது திரையை நேரே என்விடியாவோடு சேர்த்துவிடும். விளையாட்டுக்கு நல்லது, எடிட்டிங்குக்கு அவசியமில்லை.

கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து வேலை செய்தால் சார்ஜரைச் செருகியே வையுங்கள். பேட்டரியில் என்விடியாவுக்குக் கிடைக்கும் மின்சாரம் குறைந்துவிடும், எந்த செட்டிங்கை மாற்றினாலும் வேகம் வராது. பல கேமிங் லேப்டாப்களில் எச்டிஎம்ஐ துளை என்விடியாவோடு இணைந்திருக்கும். வெளித்திரையை மாட்டி வைத்திருக்கும்வரை என்விடியா தூங்காது, சூடும் விசிறிச் சத்தமும் இருக்கத்தான் செய்யும். எடிட்டிங் முடிந்ததும் அந்த கேபிளைக் கழற்றிவிடுங்கள்.