உடல் என்ன ஆகும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேதபாட வகுப்பில் பெரியவர்களிடம் “இறந்தபின் என்ன?” என்று கேட்டேன். ஒருவர் பாக்கியில்லாமல் “ஆத்துமா பரலோகம் போகும்” என்றார்கள். இரண்டு பேர் “தேவதூதர் ஆகிவிடுவோம்” என்றும் சேர்த்துக்கொண்டார்கள். அரைமணி முன்புதான் எல்லாருமாக விசுவாசப்பிரமாணம் (சபையார் சேர்ந்து சொல்லும் நம்பிக்கை அறிக்கை) சொல்லியிருந்தோம்; அதில் இருப்பதோ “சரீரம் உயிர்த்தெழுதலும்”. கோட்பாடு வேறு, மக்கள் நம்பிக்கை வேறு என்று விட்டுவிட வேண்டியதுதானா?

ம.

அன்புள்ள ம.,

தேவதூதர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். தூதர்கள் தனிப் படைப்பு. மத்தேயு 22:30 உயிர்த்தெழுகிறவர்களைத் “தூதரைப்போல்” என்பது, உயிர்த்தெழுந்தபின் யார் யாருக்கு மனைவி என்று அங்கே எழுந்த கல்யாணக் கேள்விக்கான பதில் மட்டுமே.

ஆத்துமா பற்றி அவர்கள் சொன்னது தப்பில்லை, பாதி. பெரும்பாலான சபைகளின் போதனையில் இரண்டு கட்டங்கள் உண்டு. இறந்ததும் ஆத்துமா கிறிஸ்துவோடு இருக்கும் (பிலிப்பியர் 1:23). கடைசி நாளில் உடல் எழும். முதல் கட்டத்திலேயே ஒரு போப் சறுக்கியிருக்கிறார். இறுதித் தீர்ப்புக்கு முன் ஆத்துமாக்கள் கடவுளை நேரில் காணாது என்று 22ஆம் யோவான் 1331இல் பிரசங்கித்து, 1334இல் மரணப்படுக்கையில் அதைத் திரும்பப் பெற்றார். 1336இல் அடுத்த போப் 12ஆம் பெனடிக்ட், தூய ஆத்துமாக்கள் அதற்கு முன்பே காணும் என்று விஷயத்தை வரையறுத்து முடித்தார். அவ்வளவு சண்டைக்குப் பிறகு நிலைநாட்டிய முதல் கட்டம்தான் இன்று பலருக்கு முழுக் கதை.

காரணம் அறியாமை என்று நினைக்கவில்லை. சவப்பெட்டி முன்னால் இருக்கும்போது போதகர் சொல்லும் ஆறுதல் நிகழ்காலத்தில் இருந்தாக வேண்டும்: “இப்போது ஆண்டவரிடம் இருக்கிறார்.” கல்லறையில் மண் போடும்போது சொல்லும் ஜெபத்தில் உயிர்த்தெழுதல் வருகிறது. அதற்குள் பாதிக் கூட்டம் கலைந்திருக்கும்.

இன்னொரு காரணம் ஒரு சொல். 1 கொரிந்தியர் 15:44இல் “ஆவிக்குரிய சரீரம்” என்று படித்ததும் ஆவியால் ஆன, புகை மாதிரியான உடல் என்று நினைத்துவிடுகிறோம். கிரேக்கத்தில் அது ‘ப்நெவுமாட்டிகோன்’. அதற்கு எதிராக நிற்கும் சொல் ‘ப்சூகிகோன்’. ஆத்துமாவைக் குறிக்கும் ‘ப்சூகே’யிலிருந்து வந்தது. தமிழ் வேதாகமம் அதை “ஜென்மசரீரம்” என்கிறது. இரண்டும் உடல் எதனால் ஆனது என்று சொல்வதாக வைத்துக்கொண்டால், நாம் இப்போது சுமக்கும் எலும்பும் சதையும் ஆத்துமாவால் ஆனது என்றாகிவிடும்! அந்த நிருபத்தை எழுதிய பவுல் சொல்வது உடலை இயக்குவது எது என்பதை. லூக்கா 24இல், ஆவியைக் காண்பதாக நினைத்துச் சீஷர்கள் பயந்தபோது, உயிர்த்த இயேசு ஒரு மீன் துண்டை வாங்கித் தின்றுகாட்டுகிறார்.

வகுப்பில் “ஆத்துமா எங்கே போகும்?” என்று கேட்காதீர்கள், பழகிய பதில்தான் வரும். “உயிர்த்த இயேசுவின் உடல் இப்போது எங்கே?” என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். பிறகு விசுவாசப்பிரமாணத்தில் “சரீரம் உயிர்த்தெழுதலும்” என்ற சொற்களை மட்டும் பலகையில் எழுதி, இதை அழித்துவிட்டால் உங்கள் நம்பிக்கையில் என்ன குறையும் என்று கேளுங்கள். 1 கொரிந்தியர் 15ஐ அதற்கு அப்புறம் திறந்தால் போதும்; முதலிலேயே திறந்தால் பிரசங்கம் ஆகிவிடும்.

“எரித்த உடல் எப்படி எழும்?” என்று யாராவது கேட்டால் சிரிக்காதீர்கள். தகனத்துக்கு 1886இல் கத்தோலிக்கத் திருச்சபை போட்ட தடை 1963இல்தான் தளர்ந்தது; சாம்பலைத் தூவக்கூடாது என்று 2016இலும் ரோம் சொல்லியிருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்பவர் இன்னும் உடலைப் பற்றித்தான் யோசிக்கிறார். உங்கள் வகுப்பில் கோட்பாட்டுக்கு மிக அருகில் இருப்பவர் அவராகவும் இருக்கலாம்.