ரேடியேஷன் முடிந்தபின் நார்ச்சத்துள்ள உணவை எப்போது, எப்படித் தொடங்கலாம்?

உங்கள் அம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான ரேடியேஷன் முடிந்து நான்கு மாதமாகிறது, சிகிச்சையின்போது கொடுத்த "நார்ச்சத்தைக் குறையுங்கள்" தாளைத்தான் இன்னும் பின்பற்றுகிறீர்கள், பேதியோ நின்றபாடில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. ஆனால் எனக்கும் அதே இடுப்புப் பகுதியில்தான் ரேடியேஷன் கொடுத்தார்கள். இந்த அவதி எனக்குத் தெரியும்.

அந்தத் தாள் எந்த நாட்களுக்காகக் கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். குடலின் உட்சுவர் செல்கள் சில நாட்களுக்கொருமுறை உதிர்ந்து புதிதாக முளைப்பவை. வேகமாகப் பெருகும் செல்களைத்தான் கதிர்வீச்சு அதிகம் தாக்கும். அதனால்தான் சிகிச்சை தொடங்கிய இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வயிறு கலங்குகிறது. முடிந்த சில வாரங்களில் பெரும்பாலோருக்கு அடங்கிவிடும். அந்தக் காலத்துக்கான கட்டுப்பாட்டை மாதக்கணக்கில் இழுக்க வேண்டியதில்லை.

சிகிச்சையின்போதே நார்ச்சத்தைக் குறைக்கத்தான் வேண்டுமா என்பதும் இப்போது கேள்விக்குரியது. இடுப்புப் பகுதியில் ரேடியேஷன் எடுத்த 166 பேரிடம் லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையினர் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. வழக்கமாகச் சாப்பிட்டவர்களைவிட, நார்ச்சத்தைக் கூட்டிச் சாப்பிட்டவர்களுக்குக் குடல் தொந்தரவு குறைவாக இருந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அப்படித்தான்.

எந்த நார்ச்சத்து என்பது முக்கியம். தண்ணீரில் கரையும் வகையில் தொடங்குங்கள்: ஓட்ஸ், வாழைப்பழம், தோல் சீவி வேகவைத்த ஆப்பிள், கேரட், பிறகு இசப்கோல் என்ற விதை உமி. ஒரு ஸ்பூன் இசப்கோலை டம்ளர் தண்ணீரில் கலந்து கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள், வழவழவென்று கூழாகிவிடும். குடலுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. நீராகப் போவதை உறிஞ்சிக் கெட்டியாக்கும், இறுகியிருந்தால் இளக்கும். பேதிக்கும் மலச்சிக்கலுக்கும் ஒரே பொருளைச் சொல்கிறார்களே என்று குழம்ப வேண்டாம். கூழாகும் முன்பே குடித்துவிட்டு, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீரும் குடிக்க வேண்டும். மற்ற மாத்திரைகளோடு சேர்த்து எடுக்கக் கூடாது, அவை உடலில் சேர்வதைத் தடுக்கலாம். ஓட்ஸ், பழங்கள் போன்றவற்றிலுள்ள கரையும் நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தை உண்டாக்குகின்றன. பெருங்குடல் செல்களுக்கு முக்கியமான உணவே அதுதான்.

ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் சேர்த்து, சில நாள் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முதலில் கொஞ்சம் வாயு இருக்கும், பயப்படாதீர்கள். தவிடு, பழத்தோல், விதைகள், பச்சைக் காய்கறி எல்லாம் கடைசியில்தான்.

ஆனால் தொடங்கும் முன் டாக்டரிடம் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். ரேடியேஷனால் சிலருக்குக் குடல் சுருங்கிவிடும், அவர்களுக்கு நார்ச்சத்து அடைப்பை உண்டாக்கலாம். வயிற்றைப் பிசையும் வலி, வாந்தி, வாயுகூடப் பிரியாத நிலை இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நான்கு மாதம் கழித்தும் பேதி என்றால் சாப்பாட்டை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், இதை நான் அழுத்திச் சொல்வேன். சிறுகுடலின் கடைசிப் பகுதி பாதிக்கப்பட்டால், அங்கே உறிஞ்சப்பட வேண்டிய பித்த அமிலம் பெருங்குடலுக்குள் கொட்டி நீர்ப்பேதியாகப் போகும். அதைக் கட்டுப்படுத்தத் தனி மருந்து இருக்கிறது. வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவதும் அதே இடத்தில்தான், அதையும் ரத்தப் பரிசோதனையில் பார்க்கச் சொல்லுங்கள். சிறுகுடலில் பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகுவது, பால் ஒத்துக்கொள்ளாமல் போவது ஆகியவையும் காரணமாகலாம். இவை எல்லாவற்றுக்கும் வழி உண்டு. "ரேடியேஷன் எடுத்தால் இப்படித்தான்" என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பிவராமல், குடல்நோய் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

மலத்தில் ரத்தம் தெரிந்தால் மூலம் என்று நாமே முடிவுகட்டக் கூடாது, காட்டியே ஆக வேண்டும். குடலுக்குள் கேமராக் குழாய் விட்டு ஸ்கோப் பார்ப்பவரிடம் ரேடியேஷன் எடுத்த விவரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கதிர்வீச்சு பட்ட குடல் சுவரில் பரிசோதனைக்காகச் சதை எடுத்தால் காயம் ஆறுவது கஷ்டம், தெரிந்திருந்தால் அவர் ஜாக்கிரதையாக இருப்பார்.