பேராதனைக்கு மகளை அனுப்பத் தயங்கும் அம்மாவுக்கு

அம்மா, அன்றைக்கு மகளுக்கு வந்த பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தீர்கள். "கலைப்பீடம் கெடச்சிருக்கு சேர். ஆனா பேராதனை தோட்டத்து ஆளுங்க நமக்கு ஒட்டாத இடமாச்சே" என்றீர்கள். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் சரியாகப் பதில் சொல்லவில்லை.

கண்டிக்குப் பக்கத்துப் பேராதனைப் பல்கலைக்கழக வளாகம் இருக்கும் நிலமே ஒரு காலத்தில் தோட்டம்தான். நியூ பேராதனை எஸ்டேட் என்று பெயர். 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் அங்கே குடிவந்தது. வளாகத்துக்கு நடுவே போகும் கலஹா வீதியில் மேலே ஏறினால் மறுபடி தேயிலைதான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டத்தைப் போட்ட லூல்கந்துரையும் அந்தப் பக்கம்தான்.

அங்கே அருணாசலம் விடுதி என்று ஒன்று இருக்கிறது. நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இலேயே சங்கம் வைத்துக் கேட்டவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். வேலையை விட்டுப்போன தோட்டத் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பிய சட்டத்தை எதிர்த்துப் பேசியவரும் அவரே. இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பது என் பழைய குறை.

மகாவலி ஓரமாக, ஹந்தானை மலையடியில், கண்டி மண்டபம் மாதிரித் தூணும் ஓடுமாக நிற்கும் கட்டடங்கள் ஷேர்லி டி அல்விஸ் வரைந்தவை. மேட்டில் குறிஞ்சிக் குமரன் கோயில். உங்களுக்கு அது போதும் என்று தெரியும்! 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் மாணவர்களை வைத்து நாட்டுக்கூத்தைப் புது மேடைக்குக் கொண்டுவந்ததும் இங்கேதான். மாசி மாதம் காமன் கூத்து பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அங்கே பேச விஷயம் இருக்கும்.

பகிடிவதை (ராகிங்) இல்லவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். ஏதும் நடந்தால் மறைக்காமல் உடனே விரிவுரையாளரிடமும் உங்களிடமும் சொல்லும்படி மகளிடம் இப்போதே பேசி வையுங்கள். மஹாபொல உதவித்தொகை விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம். அப்புறம் ஆங்கிலம்: தினமும் ஒரு பக்கமாவது வாசிக்கட்டும்.

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அட்டனில் ரயில் ஏறி பேராதனைச் சந்தியில் இறங்கினால் பிறகு கொஞ்ச தூரம்தான். குடை எடுத்துக்கொள்ளுங்கள்.