சுமார்ட் போர்டு

கேள்வி: எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது. இனி கரும்பலகை எதற்கு என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?
(ஒரு வாசகர், பாலக்கோடு)

பதில்: கருத்து இருக்கட்டும், முதலில் அந்த ‘ஸ்மார்ட்’டைக் கவனிப்போம். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. நம் நாக்கும் அதற்கு ஒத்துக்கொள்ளாது, ஓர் உகரத்தைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்ளும். எங்கள் அச்சகத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர் ‘சுமார்ட் போர்டு’ என்றுதான் சொல்வார். ஒருமுறை அதே பாணியில் ‘சுமார்ட் வகுப்பறை’ என்று கட்டுரையில் எழுதினேன். மெய்ப்புத் திருத்துபவர் சிவப்பு மையால் அடித்தார். ‘பிழை இல்லை ஐயா, இலக்கணம்’ என்றேன். எங்கள் இருவருக்கும் பதினைந்து வருடப் பகை, லேசில் தீராது. கடைசியில் சமரசமாக டகர ஒற்றை மட்டும் எடுத்துவிட்டார். ‘சுமார் வகுப்பறை’ என்று அச்சாகிவிட்டது. இதழ் வந்த அன்றே ஒரு தலைமையாசிரியர் போன் போட்டார்: “எங்க பள்ளிக்கூடத்துக்கு எப்ப சார் வந்து பாத்தீங்க?”

சரி, பார்த்துவிடுவோம் என்று போனேன். முந்தின நாள் மழை. ஐந்தாம் வகுப்பில் சூரியக் குடும்பம் நடந்துகொண்டிருந்தது. ஆசிரியர் சனிக்கோளைத் தொட்டார். திரை வியாழனுக்குப் போனது. அப்புறம் யாரும் தொடாமலே ஏழாம் வாய்ப்பாட்டுக்குப் போய், அங்கிருந்து ஒரு குழந்தைப் பாட்டைப் போட்டது. ஆசிரியருக்கு வியர்த்துவிட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்து, “ஈசல் தொடுது சார்” என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி. இந்தப் பலகைகளில் பலவும் விரலை உணர்வதே இல்லை. பலகையின் விளிம்புச் சட்டத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் திரைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. எது மறித்தாலும் அதற்கு விரல்தான். ஈசல், படிந்த தூசி, ஒட்டடை எல்லாம் பாடம் நடத்தும். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். அன்று உள்ளே இருந்த ஈசல்களைப் பதிவேட்டில் ஏற்றியிருந்தால் இன்னும் பத்துப் பணியிடம் கேட்டிருக்கலாம். தலைமையாசிரியரிடம் சொன்னேன். “ஈசலுக்கு ஆதார் கேப்பாங்க சார்” என்றார்.

பலகையின் சட்டத்தைக் கழற்றித் துடைத்தால் போயிற்றே என்றேன். கூடாதாம். முத்திரை உடைந்தால் உத்தரவாதம் போய்விடுமாம். இலவச எண்ணுக்குப் போன் செய்து புகார் பதிந்தார்கள். மறுநாளே ‘தங்கள் பழுது சரிசெய்யப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. ஆள் மட்டும் வரவில்லை. நம் மாவட்டத்தின் பேரிலேயே தெலங்கானாவில் கோதாவரிக் கரையில் ஒரு தர்மபுரி இருக்கிறது, நரசிம்மர் கோயில் ஊர். அங்கே ஏதோ ஒரு நல்ல பலகையைப் பிரித்துப் போட்டுவிட்டு வந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

ஸ்மார்ட் போர்டு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இதயம் துடிப்பதைச் சாக்பீஸால் காட்ட முடியாது. ஆனால் நான் படித்த காலத்தில் வெள்ளிக்கிழமை மதியம் கோவை இலையும் ஊமத்தை இலையும் பறித்து வந்து, அடுப்புக்கரியோடு இடித்துப் பலகையில் தேய்ப்போம். கை இரண்டு நாளைக்குக் கறுப்பாக இருக்கும். சாப்பிடும் முன் கையை நன்றாகக் கழுவச் சொல்லி வாத்தியார் விரட்டுவார், ஊமத்தை விஷமாயிற்றே. திங்கட்கிழமை பலகை புதுசாக நிற்கும். பழுது பார்த்தது நாலாம் வகுப்பு. உத்தரவாதம் ஊமத்தை. புதுப் பலகையோடு ஒரு திருப்புளியும், அதைப் பிடிக்க ஆசிரியருக்கு அனுமதியும் கொடுத்துவிட்டால் எனக்கும் அதற்கும் சண்டையில்லை. அதுவரை கரும்பலகையை ஆணியிலிருந்து இறக்காதீர்கள்.

பலகை என்றதும் இன்னொன்று. தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன, போய்ப் பாருங்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவனின் பெயரை வட்டெழுத்தில் வெட்டி வைத்தார்கள். ஆயிரம் ஆண்டு கடந்த எழுத்தைச் சாய்வெயிலில் இன்னும் வாசிக்கலாம். இப்படி எழுதினால் ‘எங்களிடமும் நடுகல் இருக்கிறது’ என்று கிருஷ்ணகிரியிலிருந்து கடிதம் வரும். இருக்கிறது, இல்லையென்று யார் சொன்னது? 2004-ல் மாவட்டம் பிரிந்தபோது மாந்தோப்பையெல்லாம் கொண்டுபோனீர்கள். கல்லிலுமா பங்கு?

கடைசியாகப் பாலக்கோட்டு நண்பருக்கு. உங்கள் முகவரியில் ‘தர்மபுரி மாவட்டம்’ என்றிருந்தது. தனிக்குறிலை அடுத்து ரகர ஒற்று வராது, தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. நம்முடையது தருமபுரி. அந்த மெக்கானிக் இன்னும் கோதாவரிக் கரையில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறார், நீங்களும் அங்கேயே அனுப்பிவைக்காதீர்கள்.