மும்பையில் இருந்துகொண்டு ஆன்லைன் ஏலத்தில் பழைய பாய்மரப் படகு வாங்கலாமா?

வாங்கலாம். நானே அப்படி ஒன்று வாங்கி, நாலு சீசன் ஓட்டி, போன செப்டம்பரில் ஏலத்திலேயே விற்றும் இருக்கிறேன். ஆனால் உங்கள் கேள்வியில் இருக்கும் நிலைமையில், அதாவது படங்கள் பளிச்சென்று இருக்கின்றன, விலை மலிவு, படகு வேறு ஊரில் கிடக்கிறது, ஏலம் முடிய மூன்றே நாள் என்ற நிலைமையில், நேரில் பார்க்காமல் ஏலம் கேட்காதீர்கள். மூன்று நாளில் ஒரு நாளை ஒதுக்கி ரயிலோ பஸ்ஸோ பிடித்துப் போய் படகைக் கையால் தொட்டுப் பாருங்கள். போக முடியவில்லையென்றால் விட்டுவிடுங்கள், வேறு படகு வரும்.

நான் பிறந்து வளர்ந்தது தூத்துக்குடி, இப்போது செம்பூர்வாசி. தாத்தா கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போன பாய்த்தோணியில் வேலை பார்த்தவர். ஆஞ்சான் (பாயை ஏற்றும் கயிறு), தாமான் (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு), பருமல் (பாய் கட்டும் குறுக்குக் கட்டை) என்ற வார்த்தைகளெல்லாம் சின்ன வயதிலிருந்து காதில் விழுந்தவை. ஆனால் நான் முதல்முறையாகப் பாய்ப்படகில் கால் வைத்தது முப்பத்து நாலு வயதில், இங்கே கொலாபா பக்கம் நடந்த ஒரு வாரப் பயிற்சியில்தான். அன்றைக்கு மத்தியானம் வடமேற்கிலிருந்து கடற்காற்று எழும்பி, படகு ஒரு பக்கம் சாய்ந்து, தாமான் கயிறு கையில் இழுத்த அந்த இழுப்பு எனக்கு அப்புறம் மறக்கவே இல்லை. சொந்தமாக ஒன்று வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

நான் தேடியது லேசர். ஒரு ஆள், ஒரு பாய், பதினாலு அடிக்குக் கொஞ்சம் குறைவான ஃபைபர் உடல். புரூஸ் கிர்பி வடிவமைத்தது. 2019-லிருந்து போட்டிகளில் ஐஎல்சிஏ என்ற பெயரில் ஓடுகிறது. வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணனும் சென்னையின் நேத்ரா குமணனும் டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் ஓட்டியது இந்த வகைப் படகைத்தான், விஷ்ணு பெரிய பாயில், நேத்ரா அதைவிடச் சின்னப் பாயில். பழைய லேசருக்குப் பாயும் உதிரியும் தேடினால் கிடைக்கும் என்பதால் முதல் படகாக இதை நான் தயங்காமல் சொல்வேன்.

கோவாவில் இருந்த ஒரு லேசர் ஏலத்துக்கு வந்தது. முன்பணம் 20,000 கட்டினால்தான் கேட்க முடியும். 1,20,000-க்கு மேல் போகக் கூடாது என்று ஒரு காகிதத்தில் எழுதி லேப்டாப் மேலேயே ஒட்டி வைத்திருந்தேன். இரவு ஒன்பது மணிக்கு முடிய வேண்டிய ஏலம். கடைசி ஐந்து நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் நேரம் இன்னும் ஐந்து நிமிடம் நீளும் என்பது அந்தத் தளத்தின் விதி. எதிரே ஒருவர் விடாமல் ஆயிரம் ஆயிரமாக ஏற்றிக்கொண்டே வந்தார். ஒன்பது நாற்பதுக்கு 1,48,000-க்கு எனக்கு விழுந்தது. காகிதம் கண் முன்னாலேயேதான் இருந்தது. முன்பின் தெரியாத ஒருவரிடம் தோற்கக் கூடாது என்று மனசு பிடிவாதமாக நின்றுவிட்டது; அந்த நேரத்தில் படகைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

நம் ஊரில் மீன் ஏலம் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தரம், ரெண்டு தரம் என்று குரல் எவ்வளவு வேகமாக ஏறினாலும் கேட்கிறவர் செவுளைத் தூக்கிச் சிவப்பு பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார். ஆன்லைனில் குரலும் வேகமும் அப்படியே இருக்கின்றன, செவுள் மட்டும் நம் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பதினாலு அடி ஐஷர் லாரியில் படகு வந்து இறங்கியது. வழக்கமாக இரண்டு பேர் அலுங்காமல் தூக்கிவிடலாம். எங்களுக்கு நாலாவது ஆள் தேவைப்பட்டது. சசூன் டாக் பக்கம் ஃபைபர் வேலை செய்கிற ஒரு அண்ணாச்சி, அவரும் நம் தூத்துக்குடிக்காரர்தான், ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது தண்ணி குடிச்சிருக்கு. எடை போட்டுப் பாத்தியளா?" என்றார். பழைய இரும்புக் கடையிலிருந்து தொங்கு தராசு வாங்கி வந்து எடை போட்டோம். லேசரின் வெற்று உடல் 59 கிலோ இருக்க வேண்டும். 71 காட்டியது. ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் நுரையில் (ஃபோம்) பன்னிரண்டு கிலோ தண்ணீர்.

எங்கிருந்து போனது என்று அண்ணாச்சி காட்டினார். பாய்மரத்தின் அடிமுனை உள்ளே இறங்கி நிற்கும் குழி இருக்கிறதல்லவா, அதில் தண்ணீரை விளிம்புவரை ஊற்றி மட்டத்தைப் பேனாவால் கோடு போட்டார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது. அடியில் மயிரிழை விரிசல். இதோடு ஓட்டிக்கொண்டிருந்தால் ஒருநாள் பலத்த காற்றில் மரம் குழியைப் பிய்த்துக்கொண்டு சாய்ந்திருக்கும், அதுவும் துறைமுகத்து நடுவில், தனியாக. இந்தச் சோதனைக்கு ஆவது ஒரு பாட்டில் தண்ணீரும் அரை மணி நேரமும். மாண்டவி எக்ஸ்பிரஸில் ஏறியிருந்தால் அன்றைக்கே கோவாவின் மட்காவ் போய், மறுநாள் காலையில் இதைச் செய்துவிட்டு ஊர் திரும்பியிருக்கலாம். மேல்தளத்தில் இரண்டு வட்ட ஓட்டை போட்டு, ஒன்றின் வழியே சின்ன மின்விசிறியால் காற்று செலுத்தி, அக்டோபர் வெயிலில் ஆறு வாரம் காய வைத்தோம். 63 கிலோவுக்கு வந்தது, அதற்குக் கீழே இறங்கவில்லை. ஓட்டை வழியாகவே கையை விட்டு அண்ணாச்சி குழியைச் சுற்றி எபாக்சி போட்டு அடைத்தார்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஏல விலை 1,48,000. ஏல நிறுவனத்துக்கு ஐந்து சதவீதக் கமிஷனும் அதன்மேல் ஜிஎஸ்டியும். லாரி 22,000. ரிப்பேர் 31,000. மொத்தம் 2,10,000-ஐத் தொட்டுவிட்டது. விற்றவர் பேரில் வழக்குப் போட முடியாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். ஏல நிபந்தனையில் "இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்" என்று ஒரு வரி இருந்தது, நான் அதற்கு டிக் போட்டிருந்தேன். எம்எஸ்டிசி போன்ற அரசு நிறுவனத்தின் மின்-ஏலமாக இருந்தாலும் இந்த வரியை அநேகமாகப் பார்ப்பீர்கள். பொருளைப் போய்ப் பார்க்க நாள் கொடுத்திருந்தால் அதைப் பயன்படுத்திக்கொள்வது உங்கள் பொறுப்பு.

சரி, நேரில் போனால் என்ன பார்ப்பது? தண்ணீர்ச் சோதனை சொல்லிவிட்டேன், தராசும் கொண்டு போங்கள். பத்து ரூபாய்க் காசால் உடல் முழுக்க, தளம் முழுக்க தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் டக் டக் என்று கெட்டியாகக் கேட்கும்; அடுக்கு விட்டுப்போன இடத்தில், நுரை ஊறிய இடத்தில் சத்தம் மொத்தென்று அமுங்கிவிடும், இரண்டு நிமிடத்தில் காது பழகிவிடும். தளத்தில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள், எங்காவது அமுங்கினால் வேண்டாம். அலுமினியப் பாய்மரத்தில் ஸ்டீல் ரிவெட் அடித்த இடங்களைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா பாருங்கள், உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகமும் ஒட்டி இருந்தால் அலுமினியம் அரிக்கும். மரத்தின் மேல்துண்டைத் தரையில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். பாயின் தையல் மேல் நகத்தால் கீறுங்கள். நூல் பொடியாக உதிர்ந்தால் வெயில் தின்றுவிட்டது, புதுப் பாய்க்குக் காசு ஒதுக்குங்கள். பின்பக்கத்திலோ, அணியத்தில் (முன்முனையில்) கயிறு கட்டும் வளையத்துக்கு அடியிலோ படகின் எண் பொறித்திருக்கும். அது ரசீதில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும்.

அடியில் கனமான கீல், அதாவது படகு கவிழாமல் நிறுத்தும் எடைத் தகடு, உள்ள பெரிய படகென்றால் இதெல்லாம் போதாது. கீல் போல்ட், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள், அவை உடலில் பிணையும் தகடுகள் என்று உள்ளே மறைந்திருப்பவைதான் அதில் ஆபத்து. காசு கொடுத்து படகைப் பரிசோதிக்கும் சர்வேயர் ஒருவரை அழைத்துப் போங்கள். எஞ்சினும் இருந்தால் பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்று மகாராஷ்டிரா மாரிடைம் போர்டில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஏலம் கேட்பதற்கு முன் முடிவாக வேண்டிய இன்னொன்று, படகை எங்கே வைப்பீர்கள் என்பது. பெரிய படகானால் கேட்வே பக்கத்தில் மிதவையில்தான் கட்ட வேண்டியிருக்கும், ஒவ்வொரு தடவையும் சின்னப் படகில் போய் ஏற வேண்டும். ஜூன் பிறந்தால் மழை. கேட்வேயிலிருந்து மாண்ட்வா போகும் படகுகளே அப்போது நின்றுவிடுகின்றன. செப்டம்பர்வரை உங்கள் படகுக்குக் கரையில் இடம் வேண்டும். எங்கள் அபார்ட்மெண்ட் சொசைட்டி பார்க்கிங்கில் வைக்க விடவில்லை. ஒரு கிளப்பில் இடம் கிடைத்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. இந்த இடப் பிரச்சினையால்தான் மே மாதத்தில் விற்கிறவர்கள் இறங்கி வருவார்கள் என்பது நான் பார்த்தது. வாங்க மே, விற்க செப்டம்பர்.

இங்கிலாந்தில் இபேயில் மலிவாகக் கிடக்கிறதே, இறக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே பழைய படகு ஏலத்துக்கு வருவது சகஜம்தான். உங்கள் உச்ச விலையை ஒருமுறை போட்டுவிட்டால் எதிராளியைவிட ஒரு படி மட்டும் மேலே வைத்துத் தளமே கேட்டுக்கொள்ளும், இரவு முழுக்க விழித்திருக்க வேண்டாம், அந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். ஆனால் கன்டெய்னரின் உள்ளகலம் சுமார் 2.35 மீட்டர். இருபத்து நாலு அடி கீல் படகான ஜே 24-இன் அகலமே 2.7 மீட்டர், தனிச் சட்டம் அடித்துச் சாய்த்துத்தான் ஏற்ற வேண்டும். கப்பல் கூலிக்கு மேல் சுங்க வரி, அதற்கும் மேல் ஜிஎஸ்டி. உல்லாசப் படகுகளுக்கு அது 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். வேண்டாம் என்பேன்.

அப்புறம் நான் விற்ற விஷயம். எனக்கு நேர்ந்தது வாங்குகிறவருக்கு நேரக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். ஆறு நிமிட வீடியோ ஒன்று எடுத்தேன். தராசில் 63 கிலோ காட்டுவது, தளத்தில் போட்ட இரண்டு ஓட்டைகளும் மூடிகளும், எபாக்சி போட்ட குழியில் தண்ணீர் அரை மணி நேரம் அசையாமல் நிற்பது, சுக்கானில் இருந்த ஒரு வெடிப்பு, எல்லாமே அதில் இருந்தன. இரண்டு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்க்கலாம் என்று விளம்பரத்திலேயே எழுதினேன். ஐந்து பேர் வந்தார்கள், அவர்களில் மூன்று பேர் ஏலம் கேட்டார்கள், 1,35,000-க்குப் போனது. எடுத்தது தானேயிலிருந்து மகளோடு வந்த ஒருவர். பதினைந்து வயதுப் பெண், வீடியோவில் பார்த்தது போதாதென்று கையில் பாட்டிலோடு வந்து, குழியில் தண்ணீர் ஊற்றி, பேனாவால் கோடு போட்டுவிட்டு, அப்பா டீ குடிக்கக் கூப்பிட்டும் போகாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.