அப்பாவின் குரலுக்கு இரட்டை வேகம்

கேள்வி: ஐயா, நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், விடுதியில் இருக்கிறேன். எங்கள் ஆண்டு மலருக்கு ‘எனக்குப் பிடித்தவை’ என்று ஒரு கட்டுரை எழுதினேன். ஆவணப்படம், இசை, விளையாட்டு, தொழில்நுட்பம் நான்கும் அதில் வருகின்றன. அமெரிக்காவின் எல் கேப்பிடன் பாறையில் கயிறில்லாமல் ஏறியவரைப் பற்றிய படம், இளையராஜா பாடல்கள், 2021-ல் இந்தியா ஆஸ்திரேலியாவை வென்ற பிரிஸ்பேன் கிரிக்கெட் டெஸ்ட், ஒலிப்பதிவுத் தொழில்நுட்பம் என்று விரிவாக எழுதியிருந்தேன். பேராசிரியர், “பட்டியல் இருக்கிறது, உன்னைக் காணோம்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இத்தனைக்கும் நான் நிறையப் பார்ப்பவன். நேரம் போதாததால் ஆவணப்படங்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடுவேன், ஆட்டங்களுக்கு ஹைலைட்ஸ். விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அப்பா தினமும் அனுப்பும் வாய்ஸ் மெசேஜைக்கூட இரட்டை வேகத்தில் கேட்டுவிட்டு, கட்டைவிரல் ஒன்றைப் போட்டுவிடுவேன். பாட்டை மட்டும் வேகப்படுத்தவே மாட்டேன், அது பாவம். நான்கில் எதை வெட்டினால் கட்டுரை தேறும்? இல்லை, எனக்கு ரசனையே கிடையாதா?

பதில்: தம்பி, இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்குக் கட்டுக்கட்டாக வருகின்றன. ஆசை பல, நேரம் கொஞ்சம், எதைப் பிடிப்பது, எதை விடுவது. ‘வயது இருக்கிறது, எல்லாவற்றையும் வைத்துக்கொள்’ என்று நான் எழுதினால் உனக்குச் சந்தோஷம், எனக்கும் வேலை முடிந்தது. எழுதப் போவதில்லை. உன் கட்டுரையை விட உன் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் நீ எழுதிய ஒரு வரிதான் எனக்கு உறுத்துகிறது.

பாட்டை வேகப்படுத்துவது பாவம். அப்பாவின் குரலை வேகப்படுத்துவது நேர மிச்சம். இரண்டையும் அடுத்தடுத்து எழுதியிருக்கிறாய். எழுதும்போது உனக்குக் கொஞ்சம்கூட உறைக்கவில்லையா?

பாட்டை ஏன் வேகப்படுத்தக் கூடாது என்பது உனக்கு நன்றாகவே தெரிகிறது. பல்லவி எடுக்கும் முன் வரும் சின்ன அமைதி, வயலின்கள் ஓய்ந்து புல்லாங்குழல் தொடங்கும் இடைவெளி, பாடகர் மூச்சு வாங்கும் இடம், இவையெல்லாம் பாட்டின் பகுதி என்று உன் காதுக்குத் தெரியும். அதே காதுதானே அப்பாவின் குரலையும் கேட்கிறது? அந்தக் குரலுக்கு மட்டும் இடைவெளி கிடையாதா?

ஒலித் தொழில்நுட்பம் பிடிக்கும் என்கிறாய், அதனால் அந்த வழியிலேயே சொல்கிறேன். பழைய டேப்பை வேகமாக ஓட்டினால் குரல் கீச்சென்று மாறிவிடும். வேகம் கூடினால் சுருதியும் ஏறும். சுருதியைத் தொடாமல் வேகத்தை மட்டும் மாற்றுவது எப்படி என்று பலர் மெனக்கெட்டார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளானகன், கோல்டன் என்ற இருவர் 1966-ல் அதற்கு ஒரு வழியை வெளியிட்டார்கள். பிறகு, ஒலியைப் பொடிப்பொடித் துண்டுகளாக்கி, ஒன்றன் மேல் ஒன்று சற்றுப் படியும்படி நெருக்கி ஒட்டும் முறைகளும் வந்தன. வாட்ஸ்அப் 2021-ல் வாய்ஸ் மெசேஜுக்கு ஒன்றரை மடங்கு, இரட்டை வேகம் என்று பொத்தானே வைத்துவிட்டது. குரல் அதே குரலாகக் கேட்பதால் ஒன்றும் குறையவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் ஒன்றைச் சொல்லலாமா வேண்டாமா என்று அப்பா இரண்டு நொடி தயங்கினால், உன் காதுக்கு வருவது ஒரு நொடி. அது தயக்கமாகவே கேட்காது. அவர் சோர்வாகப் பேசினால் சுறுசுறுப்பாகப் பேசுவது போல இருக்கும். மனிதர் எப்படி இருக்கிறார் என்பதைக் குரலில் கண்டுபிடிக்க இருக்கும் வழியையே மூடிவிட்டு, செய்தி வந்து சேர்ந்தது என்று கட்டைவிரலைக் காட்டுகிறாய்.

அவர் ஏன் போன் செய்யாமல் பதிவு செய்து அனுப்புகிறார் என்று யோசித்திருக்கிறாயா? விடியற்காலையில் கூப்பிட்டால் உன் தூக்கம் கெடும். என் ஊகம்தான் இது, ஆனால் பிள்ளையை விடுதியில் விட்ட அப்பாக்களை எனக்குத் தெரியும். நீ எழுந்த பிறகு நிதானமாகக் கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டுப் போகிறார். அந்த நிதானத்தைத்தான் நீ இரண்டால் வகுக்கிறாய்.

‘தினமும் அதே பேச்சுதான் ஐயா, சாப்பிட்டாயா, காசு இருக்கிறதா’ என்பாய். பல்லவியும்தான் ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் திரும்பி வருகிறது. அதை நீ ஓட்டிவிடுவதில்லையே.

கணக்கும் பார்த்துவிடுவோம். இரண்டு நிமிட மெசேஜ் என்றால் உனக்கு மிச்சம் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் சொல்ல முடியுமா?

இதில் என் கருத்தை மறைக்க மாட்டேன். பெற்றவர்கள் பேசினால் முழுதாகக் கேட்பது பிள்ளையின் கடமை. அவர்கள் சொன்னபடி நடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, சண்டை போடலாம், மறுக்கலாம், உன் வழியில் போகலாம். ஆனால் கேட்டுவிட்டுத்தான் மறுக்க வேண்டும். காலம் மாறிவிட்டது என்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகட்டும். (பிள்ளையை அடித்து நொறுக்கிய அப்பாக்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். உன் கடிதத்தில் அப்படி ஏதும் இல்லை.)

சரி, கட்டுரைக்கு வருவோம். உன் பேராசிரியர் சொன்னது சரி. நீ எதிலும் உட்காரவில்லை, பிறகு உன்னைக் கட்டுரையில் எங்கே காண்பது?

பிரிஸ்பேன் டெஸ்ட் உனக்குப் பிடித்த ஆட்டம். நீ பார்த்தது ஹைலைட்ஸ். அப்படியானால் நீ பார்த்தது ரிஷப் பந்த் எடுத்த 89 ரன். ஷுப்மன் கில்லின் 91-லும் பாதி பார்த்திருப்பாய். புஜாரா அன்று 211 பந்துகள் ஆடி 56 ரன் எடுத்தார். விரல், விலா, தலைக்கவசம் என்று பந்து பட்டுக்கொண்டே இருந்தது, மனிதர் நகரவில்லை. 1988-க்குப் பிறகு அந்த மைதானத்தில் டெஸ்ட் தோற்காத ஆஸ்திரேலியா அன்று தோற்றதற்கு அந்த 211 பந்துகளும் காரணம். ஹைலைட்ஸில் அவை கிடையாது, ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டதுதான் அவருடைய ஆட்டம். அதை முழுதாகப் பார்க்காமல் அந்த டெஸ்டைப் பற்றி எழுதினால், ஸ்கோர் தெரிந்த யாரும் எழுதக்கூடியதைத்தான் நீயும் எழுதுவாய்.

ஆவணப்படமும் அப்படித்தான். அலெக்ஸ் ஹொனால்ட் 2017 ஜூன் 3-ஆம் தேதி அந்த எல் கேப்பிடன் பாறையில் கயிறில்லாமல் ஏறினார். ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்கு முன் அதே வழியில் கயிறு கட்டிக்கொண்டு எத்தனையோ முறை ஒத்திகை பார்த்து, எந்தக் கால் எங்கே என்று மனப்பாடம் செய்தவர். படமெடுத்தவர்களில் ஒருவர் பார்க்கச் சகிக்காமல் கேமராவிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் திருப்பிக்கொண்ட காட்சியை நீ ஒன்றரை மடங்கு வேகத்தில் கடந்திருக்கிறாய். இன்னொன்றும் சொல்கிறேன், படத்துக்கு வெளியே உள்ளது. அதே ஆண்டு ஹொனால்டின் அம்மா, 66 வயதில், மகனோடு கயிறு கட்டிக்கொண்டு அந்தப் பாறையில் ஏறினார். மகன் போகும் இடம் எப்படிப்பட்டது என்று பார்க்கத் தாய் பாறையே ஏறியிருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். உன் அப்பா உன் உலகத்துக்குள் வருவதற்கு அவரிடம் இருப்பது ஒரு மைக் பொத்தான்.

நான்கில் எதை வெட்டுவது என்று கேட்டாய். மூன்றை இந்த முறை எழுதாமல் விடு, அவ்வளவுதான். ரசிப்பதை யாரும் விடச் சொல்லவில்லை. பிரிஸ்பேன் ஐந்தாம் நாள் ஆட்டம் முழுதாகக் கிடைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்குக் கொடு. சலிப்பு வரும். எந்த ஓவரில் சலித்தது, எந்த ஓவரில் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தாய் என்பதை எழுது. பேராசிரியர் தேடுவது அதைத்தான்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்ததும் அப்பாவின் வாய்ஸ் மெசேஜை வைத்தே உருக்கமாக ஒரு கட்டுரை எழுதிவிடலாம் என்று உனக்குத் தோன்றியிருக்கும். வேண்டாம். அவர் மலருக்காகப் பேசவில்லை, உன்னிடம் பேசினார். அதை அச்சில் போட்டுக் கைதட்டு வாங்குவது இரட்டை வேகத்தில் கேட்பதை விட மோசம்.

பழைய மெசேஜ்கள் போனில் இருந்தால் கடைசிப் பத்தையாவது சாதாரண வேகத்தில் கேள், ஹெட்போன் போட்டுக்கொண்டு, வேறெதுவும் செய்யாமல். ஏதாவது ஒன்றில் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டிருப்பார், நீ கட்டைவிரல் போட்டிருப்பாய். அதற்கு இப்போது பதில் சொல். தட்டச்சு செய்யாதே, கூப்பிட்டுப் பேசு. இரவு பத்து மணிக்கு மேல் வேண்டாம், விடியற்காலையில் கிளம்புகிறவர்.