பல் கிளிப் கழட்டும்போது எனாமலும் பெயர்ந்து வருமா?

மகளுக்கு அடுத்த வாரம் கிளிப் கழட்டப் போகிறார்கள், "கிளிப்போடு பல்லின் மேல்பூச்சும் வந்துடும்" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், நிஜமா என்று குடியாத்தத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

உலோகக் கிளிப் என்றால் எனாமல் பெயர்வது அபூர்வம். சேதம் நடப்பது பெரும்பாலும் அதற்கு அப்புறம், பல்லில் நிற்கும் பசையை எடுக்கும்போது. பயத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள்.

கிளிப்பைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். இடுக்கியால் அதன் இறக்கைகளைச் சேர்த்து அமுக்கினால் அடித்தகடு வளைந்து, ஓரத்திலிருந்து பசையை விட்டு உரியும். 'டிக்' என்று சத்தம் கேட்கும், அவ்வளவுதான். கம்பியை உருவாமல் அதோடு சேர்த்தே எடுத்தால் துண்டு எதுவும் தொண்டைக்குள் போகாது. பஞ்சுச் சுருளைக் கடித்துக்கொண்டால் பல் ஆடாது, வலியும் குறையும். எடுத்த பிறகு பசை முழுசாகப் பல்லிலேயே நின்றால் நல்லது. உலோகத்துக்கும் பசைக்கும் நடுவில் பிரிந்திருக்கிறது, எனாமல் பத்திரம் என்று அர்த்தம். "பாதியை விட்டுட்டாங்க" என்று இதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள்.

பல் நிறத்தில் வரும் செராமிக் கிளிப்பில்தான் ஜாக்கிரதை வேண்டும். அது வளையாது, உடையும். சுற்றி வழிந்த பசையை முதலில் எடுத்துவிட்டு, அந்த வகைக்கென்றே வரும் இடுக்கியால்தான் தொட வேண்டும். பல்லில் ஏற்கெனவே விரிசலோ பெரிய அடைப்போ இருந்தால் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

இனி பசை. 12 வெட்டு உள்ள டங்ஸ்டன் கார்பைடு பர் (மெஷினில் மாட்டிச் சுழற்றும் சின்ன அரைமுனை), மெதுவான வேகம், இறகால் தடவுகிற அளவு அழுத்தம். ஒரே இடத்தில் அழுத்தினால் சூடு உள்ளே நரம்பு வரை போகும், அதனால் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். வைரத்தூள் பர் கூடவே கூடாது. காரை எடுக்கும் கொக்கியால் சுரண்டினாலும் கோடு விழும். முன்பல்லின் வெளிப்பக்கத்தில் எனாமல் ஏறத்தாழ 1 மி.மீ. கனம்தான். அதில் ஃபிளோரைடு அதிகம் இருப்பது மேல் அடுக்கில். போனது திரும்ப வளராது.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் கைவேலை தெரியும். ஈரத்தில் பசையும் பல்லும் ஒரே நிறம். காற்றடித்து உலர்த்தினால் எனாமல் பளபளக்கும், பசை இருக்கும் இடம் மட்டும் சுண்ணாம்பு தொட்ட மாதிரி மங்கித் தெரியும். உலர்த்திப் பார்த்து, எடுத்து, மறுபடி உலர்த்த வேண்டும். கடைசியில் ரப்பர் கப்பில் பியூமிஸ் என்ற மெருகுக்கல் பொடியைக் குழைத்து மெருகு. இரண்டு தாடைக்கும் நிதானமாகச் செய்தால் ஒரு மணி நேரம் பிடிக்கும். இரண்டு வருஷம் மாதாமாதம் வந்தவர்கள் இந்த ஒரு நாள் மட்டும் "ஆற்காடு பஸ்ஸுக்கு நேரமாச்சு, சீக்கிரம் விடுங்க" என்று நிற்பது எனக்குப் புரியவே இல்லை. "பத்தே நிமிஷத்தில் கழட்டித் தருகிறோம்" என்று போர்டு வைப்பவர்கள் மேல் அதைவிடக் கோபம். டாக்டர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் வர வேண்டாம். அவசரப்படுத்துகிற இரண்டு தரப்பையும்தான் சொல்கிறேன்.

கழட்டியதும் வெள்ளைத் திட்டு தெரியலாம். ஈறை ஒட்டி, கிளிப் இருந்த இடத்தைச் சுற்றிப் பிறை மாதிரி இருந்தால் சரியாகத் துலக்காததால் அமிலம் அரித்தது. பல்லின் குறுக்கே மேகம் போல, இடமும் வலமும் ஒரே மாதிரி இருந்தால் சின்ன வயசில் குடித்த தண்ணீரின் ஃபிளோரைடாக இருக்கலாம். பழைய வட ஆற்காட்டின் மேற்கே, தருமபுரி, கிருஷ்ணகிரியை ஒட்டிய ஊர்களில் சில இடத்துப் போர் தண்ணீரில் அது கூடுதல். கிளிப் போடும் முன் எடுத்த போட்டோவைக் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள்.

பிறைத் திட்டுக்கு உடனே கனமான ஃபிளோரைடு வார்னிஷ் பூசச் சொல்லாதீர்கள். மேல்பக்கம் மூடிக்கொண்டு உள்ளே வெள்ளை அப்படியே தங்கிவிடும். 1000 பிபிஎம் ஃபிளோரைடு பேஸ்ட்டால் இரண்டு வேளை துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு, கொப்பளிக்காமல் விடட்டும். எச்சிலே மெல்ல மெல்ல நிரப்பும். ஆறு மாதம் பொறுத்தும் மறையாவிட்டால், திட்டுக்குள் நீர்த்த பிசினை இறக்கி நிரப்பும் ரெசின் ஊடுருவல் சிகிச்சை இருக்கிறது. கல்யாணம், போட்டோ என்று அதே வாரம் ப்ளீச் செய்ய வேண்டாம், திட்டு இன்னும் எடுப்பாகத் தெரியும். கரி, செங்கல் பொடி, உப்பும் எலுமிச்சையும் கலந்து தேய்ப்பது எதுவும் வேண்டாம்.

கிளிப் எடுத்த பிறகு பல் மறுபடி நகராமல் இருக்க, கழட்டி மாட்டும் ரிடெய்னர் தருவார்கள். அதைப் போட்டிருக்கும்போது தண்ணீர் தவிர எதுவும் குடிக்கக் கூடாது. வேலூர் வெயிலுக்குப் பன்னீர் சோடாவோ கரும்புச் சாறோ குடித்தால் சர்க்கரை அதற்குள் தேங்கி, எச்சில் கழுவ முடியாமல் பல்லை ஊறவைத்துவிடும். கழட்டி வைத்துக் குடித்து, வாய் கொப்பளித்து, மறுபடி மாட்டட்டும். அதைக் கழுவப் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீரில் வளைந்துவிடும்.